குறுக்கே ஒரு கோடு

"சாயமெல்லாம் எங்கே போச்சு?"

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டார் ஆய்வகத் தலைவி. ஒவ்வொரு சோதனைக்கும் செல்களுக்கு நிறமேற்றும் சாயம். போன வாரம் வந்த பெட்டியில் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம்.

தலைவி மணிக்கட்டைச் சொறிந்துகொண்டார். கையுறை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே முடிவுகட்டிவிட்ட அரிப்பு அது.

அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. ஏழு என்று எழுதினால்கூட யாராவது ஒன்று என்று படித்துத் தொலைப்பார்களோ என்று குறுக்கே ஒரு கோடு இழுப்பார். "நினைச்ச ரிசல்ட் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறது ஆராய்ச்சி இல்லை, அயோக்கியத்தனம்" என்பார். அதற்காகவே ஒருவரை வீட்டுக்கு அனுப்பியும் இருக்கிறார்.

எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த மூல செல்களுக்குப் பிறக்கும் எதிர்ப்புச் செல்களில் சில தோலுக்குக் காவல் போகின்றன. சிலருக்கு மட்டும் அந்தக் காவல்காரர்களே தோலைப் பதம் பார்ப்பது ஏன்? இதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டுமே! ஆய்வகத்தில் இருந்த எல்லாருமே ஆளுக்கொரு ட்யூப் கொடுத்தார்கள். பெயர் கிடையாது. சீட்டில் வந்த நம்பரை அவரவரே ட்யூபில் எழுதி ஒட்டினார்கள்.

தலைவியின் சந்தேகம் 'நத்தை' மேல் விழுந்தது. நிதானமாக வேலை செய்வதால் அந்த உதவி ஆராய்ச்சியாளருக்கு அந்தப் பெயர். இரண்டு நாளாக மனுஷன் சாப்பிடக்கூடப் போகவில்லை.

மத்தியானம் சாப்பிடப் போவதுபோல் போய், பாதி வழியில் திரும்பினார் தலைவி. நினைத்தது சரிதான். நத்தை செல்களைப் பிரித்துக் காட்டும் மெஷின் முன்னால் இருந்தார். இவரைப் பார்த்ததும் திரையை அணைத்தார்.

"என்ன பண்றீங்க?"

கோபம் வந்தால்தான் தலைவியின் வாயில் மரியாதை வரும்.

"ஒரு ட்யூபை மறுபடி போட்டுப் பாக்கறேன் மேடம்."

"நோயாளியோடதா?"

"இல்லை. நம்ம ஆளுங்க கொடுத்ததுல ஒண்ணு."

"அதான் ஏற்கெனவே ரிசல்ட் வந்திருக்குமே. எங்கிட்ட ஏன் காட்டலை?"

நத்தை ட்யூப் ஸ்டாண்டை நகர்த்தி வைத்தார்.

"எத்தனை தடவை போட்டீங்க?"

"எண்ணலை மேடம்."

"நினைச்சது வர்ற வரைக்கும் போடறீங்க. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"இத்தனை வருஷம் கூடவே இருந்து குழி பறிச்சிருக்கீங்களே! வெளியில தெரிஞ்சா என் பேரு என்ன ஆகும்? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"சரி மேடம்." நத்தை எழுந்துகொண்டார். "ஆனா இந்த ரிசல்ட்டை நீங்க பாத்துடணும்."

திரையைப் போட்டார்.

தலைவிக்கு ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாத செல்கள், ரத்தத்தில் மந்தை மந்தையாக.

"மூல செல்லே கெட்டுப் போயிருக்கு. ரத்தப் புற்றுநோய். இதையா மூடி மறைச்சீங்க? ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்! உடனே அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா?"

"முந்தாநாள்தான் பாத்தேன் மேடம். சொல்ல வாய் வரலை."

"யாரு அது?"

நத்தை ஸ்டாண்டிலிருந்து ட்யூபை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஏழு. குறுக்கே ஒரு கோடு.

மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அயோக்கியத்தனம்தான் மேடம்," என்றார் நத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரு தடவையாவது நான் தப்பாப் போட்டிருக்கக் கூடாதான்னு பாத்தேன்."

தலைவி ட்யூபைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"அந்த ஒரு குப்பி இன்னும் இருக்கில்ல?"

"இருக்கு மேடம்."

"இன்னொரு தடவை போட்டுப் பாருப்பா."