முழு லோடு

“நாளைக்குக் கட்டில் வருது. பின் ரூம்ல கெடக்க புத்தகத்த எல்லாம் மாடி ஷெட்டுக்கு ஏத்திருங்க” என்றாள் உமாராணி. “படுக்கிற ரூம்ல ஃபேன் டக்டக்னு அடிக்கி. அதையும் பாக்க ஆள் கூப்பிட மாட்டேங்கீங்க.”

ஃபேன் தளவாயின் காதில் ஏறவில்லை. கட்டில்தான் ஏறியது. பின் அறையில் இருந்தவை இருநூற்றுப் பதினாறு புத்தகங்கள், அத்தனையும் கரி எஞ்சின் பற்றியவை. மாடி ஷெட்டிலோ குற்றாலச் சாரல் நேராக உள்ளே அடிக்கும். ஒரே சீசனில் எல்லாம் கூழாகிவிடும்.

கட்டில் யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை. சிவகிரியிலிருந்து மாமியார் ஆனந்தவள்ளி நிரந்தரமாக வந்து இறங்கப் போகிறார் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். கேட்டு உறுதி செய்துகொள்ளும் தைரியம் இல்லை.

“ஏட்டி, அதெல்லாம் சாமானியப் புத்தகமா? அதப் படிச்சுப் படிச்சு வந்த காது இது! எந்தக் கரி எஞ்சினா இருந்தாலும் சத்தத்த வச்சே ஜாதகம் சொல்லுவேன். மைதீன்கிட்ட கேளு!”

எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த பீர் மைதீன், இருபது வருஷம் துபாய் முதலாளிக்கு ஆட்டிய அதே வேகத்தில் தலையை ஆட்டினார். தென்காசி கரி எஞ்சின் ரசிகர் மன்றத்துக்குத் தளவாய் தலைவர், மைதீன் செயலாளர். மூன்றாவதாக ஓர் உறுப்பினரை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உமாராணி செல்போனை எடுத்தாள். “சரி, ஒரு சத்தம் போடுதேன். என்ன சத்தம்னு சரியாச் சொல்லிட்டா கட்டிலே வேண்டாம். தப்பாச் சொன்னா புத்தகம் மாடிக்கு. மைதீன் அண்ணன் சாட்சி.”

“எங்க வச்சு எடுத்தது?”

“பக்கத்துல இருந்துதான்.”

போன் உறுமத் தொடங்கியது. தளவாய் கண்ணை மூடினார். சாமி வந்தவர் மாதிரி உடம்பு லேசாக ஆடியது.

“மீட்டர்கேஜ். பகவதிபுரம் தாண்டி மலை ஏறுது. முழு லோடுவே! எப்படி முக்குது பாரும்!”

“நடுவுல டக்டக்னு கேக்குதே?” என்றார் மைதீன்.

“தண்டவாள ஜாயிண்ட். இது தெரியாம நீரெல்லாம் செயலாளர்!”

திடீரென்று சத்தம் நின்றது. மைதீன் பதறிவிட்டார். “என்னவே, பிரேக் டவுனா?”

“டனலுக்குள்ள போயிருக்கு. பொறும்.” தளவாய் விரல்விட்டு எண்ணினார். எட்டாவது விரலில் சத்தம் பிளிறிக்கொண்டு வெளியே வந்தது, கடைசியில் மெல்லிய ஒரு விசிலோடு.

“விசிலடிக்கான், பாத்தீரா!” தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. “எஞ்சினுக்கு வயசு அறுபது இருக்கும். ஆனா பாய்லர் இரும்புவே, இரும்பு!”

“மாஷா அல்லாஹ்” என்றார் மைதீன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிறகு பேச்சு மாறக்கூடாது” என்றாள் உமாராணி.

“மாறுறதா? எழுதியே தாரேன்!” மன்றத்து லெட்டர்பேடில் ‘மலையேறும் கரி எஞ்சின், முழு லோடு’ என்று எழுதித் தலைவர் கையெழுத்துப் போட்டார். கீழே செயலாளரும் போட்டார்.

ஜெயித்த தெம்பில் தளவாய்க்கு வாய் நீண்டது. “இனிமே ஒங்கம்மை வந்தா லாட்ஜுலதான் தங்கணும், சொல்லிட்டேன்!”

உமாராணி அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எங்கம்மை எதுக்கு வாரா? கட்டில் எனக்கு. இது, நேத்து பத்து புரோட்டா தின்னுட்டு நீங்க விட்ட குறட்டை.”