காலை ஏழரை மணி லாகின்

ரெக்கார்டு அக்காவைப் பற்றி மேனேஜரிடம் புகார் சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தான் மூளை.

அந்த ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவனுக்கு மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவன் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

புகார் இதுதான். சென்டர் திறப்பது ஒன்பதுக்கு. பழைய ரிப்போர்ட்களைப் பாதுகாக்கும் அக்கா ஏழரைக்கே வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுகிறாள். மூன்று வாரமாக, ஒரு நாள் விடாமல். லாகின் பட்டியல் அப்பட்டமாகக் காட்டுகிறது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், சும்மா சீட்டு விளையாடுறேன் தம்பி என்கிறாள்.

அவள் பாஸ்வேர்டை நிறுத்தச் சொன்னார் மேனேஜர். மூளை உடனே நிறுத்தினான்.

அவனுக்கு நல்ல பெயர் வேண்டியிருந்தது. ஆறு மாதத் தற்காலிக வேலை நாளையோடு முடிகிறது. நிரந்தரமா, வீடா என்று நாளைக்குத் தெரிந்துவிடும். மனைவி தினமும் வாசலிலேயே கேட்கிறாள். செருப்பைக் கழற்றக்கூட விடுவதில்லை.

ஆனாலும் நம்பிக்கை இருந்தது. மூன்று வாரம் முன்பு அவன் எழுதிய பேட்ச் ஃபைல் என்ற குட்டி நிரல் ஒன்றே போதும். காலை ஆறு மணிக்குத் தானாக ஓடும். முந்தின நாள் ரிப்போர்ட்களை எடுத்து, அந்தந்த நோயாளியின் ஃபோல்டரில் போட்டுவிடும். ஒன்பதுக்கு அவன் வந்து பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஒரு நாளும் தவறியதில்லை.

மறுநாள் தவறியது.

நாற்பத்திரண்டு ரிப்போர்ட்டும் 'சோதனை' என்ற ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. கவுண்டரில் ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அது இன்னும் மோசம்.

எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டு, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று திரையில் காட்டச் சொல்லி ஃபைலை ஓட்டிப் பார்த்தான் மூளை. நோயாளியின் பெயரை ஒழுங்காகத்தான் எடுக்கிறது. அடுத்த வரியிலேயே 'சோதனை' என்கிறது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக அவன் எழுதியிருந்த இடம் அது.

அப்போதுதான் உறைத்தது. சதவீதக் குறிக்குள் இருக்கும் பெயரை, அடைப்புக்குள் நுழையும்போதே ஒரே தடவை படித்துவிடுகிறது விண்டோஸ். உள்ளே போய் நாற்பது தடவை மாற்றினாலும் திரும்பிப் பார்க்காது. எழுதிய அன்று, ஒத்திகைக்காக மேலே 'சோதனை' என்று ஒரு பெயர் வைத்திருந்தான். அதே பெயரில் ஒரே ஒரு ரிப்போர்ட்டை விட்டுப் பார்த்தான். சரியாகப் போனது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் படிக்கச் சொல்லும் வரியை மேலே சேர்த்தான். உள்ளே சதவீதக் குறிகளை எடுத்துவிட்டு ஆச்சரியக்குறி போட்டான். ஓட்டினான். நாற்பத்திரண்டும் நாற்பத்திரண்டு ஃபோல்டருக்குப் போய்ச் சேர்ந்தன.

"பாஸ்வேர்டை நிறுத்தின கோபத்துல அந்தம்மா ஏதாவது பண்ணிட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மூளை ஆட்டத்தான் நினைத்தான். ஆனால் ஃபைல் கடைசியாக மாற்றப்பட்ட தேதி மனசில் உறுத்தியது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அன்றைக்கு உட்கார்ந்து எழுதியது அவன்தான்.

"யாரும் தொடலை சார். முதல் நாள்லேர்ந்தே தப்பு. என் தப்புதான்."

மேனேஜர் அவனையே பார்த்தார். சரிபண்ணிட்டே இல்ல, விடு, மதியம் வந்து பெர்மனன்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடு என்று சொல்லிவிட்டு கவுண்டர் பக்கம் போனார்.

மூளைக்கு உயிர் வந்தது. ஆனால் வீட்டுக்கு போன் போடவில்லை. நேராக ரெக்கார்டு அறைக்கு ஓடினான். அக்கா உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"தினமும் நீங்கதான் ஒண்ணொண்ணா பிரிச்சு வெச்சீங்களா? முதல் நாளே சொல்லியிருக்கலாமேக்கா."

அக்கா பசையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சொன்னா மேனேஜர் காதுக்குப் போகும். உன் ஆர்டர் வரட்டும், அப்புறம் நல்லா திட்டிக்கலாம்னு இருந்தேன். ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா தம்பி?"