புளியங்கொட்டை நின்ற வீடு

காதலித்தவனோடு போய்விட்ட மகள் திரும்புவாளா என்று கேட்க வந்த கோசலைக்கு ஒன்பது கிரகமும் வாய் திறக்கவில்லை. “அவ என் வாசல மிதிக்கப்படாது” என்று சபதம் போட்ட புருஷன் சிங்காரமும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஜோசியர் கணினியில் துழாவினார்.

“பெர்செபனின்னு ஒரு குட்டிக் கிரகம்மா. கிரேக்க சாமி பேரு. பாதி வருஷம் புருஷன் வீடு, பாதி வருஷம் ஆத்தா வீடுன்னு இருந்தவ.”

அந்தக் கிரகத்துக்கு அடையாளமாக ஒரு புளியங்கொட்டையை எடுத்து, மகளின் ஜாதகக் கட்டத்தில் மறைவிடமான எட்டாம் வீட்டில் வைத்தார். கோசலையின் விரல் நிலைகொள்ளாமல் அதைத் தாய்க்குரிய நாலாம் வீட்டுக்குத் தள்ளியது.

“நாம தள்ளக் கூடாது தாயீ. தானா வரணும்.”

“வர்றவளுக்கு வழி தெரிய வேணாமா?”

ஜோசியர் கொட்டையைத் திரும்ப எட்டில் வைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். மறுபடி பார்த்தபோது அது நாலில் இருந்தது.

“சொன்னாக் கேக்க மாட்டியா தாயீ?”

கோசலையின் இரண்டு கைகளும் முந்தானைக்குள் கிடந்தன. சிங்காரம் சுவரில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.