முன்வரிசையில் மவுஸ் டிரைவர்

நினைவகம் தாராளமாக இருந்தால் எந்த நிரலும் ஓடும் என்பது படித்தவர்களிடமும் பரவியுள்ள கடும் பிழை. ஒரு பழைய கணினியில் முக்கால் நினைவகம் காலி. ஆனாலும் சதுரங்க நிரல் இடமில்லாமல் தவித்தது. அதற்கு நினைவகத்தின் முன்வரிசையில் மட்டுமே உட்காரத் தெரியும். அங்கே மவுஸை இயக்கும் குட்டி நிரலான மவுஸ் டிரைவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

“அண்ணே, கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னைக்கும் நான் ஓடலேன்னா ஓனர் என்னை அழிச்சிடுவார்.”

“அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுவேன் தம்பி.”

“கம்ப்யூட்டர் வாங்கின நாள்லேர்ந்து இதையேதான் சொல்றே” என்றது, யாருக்கு எந்த இடம் என்று எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பு. டிரைவரைப் பின்வரிசைக்கு மாற்றி எழுதியது.

சதுரங்க நிரல் துள்ளிக்கொண்டு ஓடியது. தன் சாமர்த்தியம் முழுவதையும் காட்டி, பத்தே நகர்த்தலில் ஓனரைத் தோற்கடித்தது.

அவர் அதை அன்றைக்கே அழித்துவிட்டார்.