அந்த இழுவை

"அத்தை, கதவைத் திறங்க. வெளியே எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"எனக்கு வயித்து வலின்னு சொல்லிடு."

"வயித்து வலிக்காரங்க இப்பத்தான் ரெண்டு துண்டு கேக்கை உள்ளே தள்ளினாங்க. நான் பார்த்தேன்."

தாழ்ப்பாளை விலக்கி மருமகளை உள்ளே விட்டுவிட்டு மாமியார் மறுபடியும் முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். நூலகத்து மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் சின்ன அறை அது. கணக்கு டீச்சராக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர், இன்று படிக்காமல் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் மாமியார் ஒரே ஒரு பாட்டுத் தொகுப்புக்குப் பாடியிருக்கிறார். 'மாடி வெயில்' என்று பெயர். கேசட்டாக வந்த வேகத்தில் காணாமல் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் பாடவே இல்லை. பேரனைக்கூட வாய்ப்பாடு சொல்லித்தான் தூங்க வைத்தார்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கேசட்டை இணையத்தில் ஏற்றிவிட, அதன் மேல் ஒரு கூட்டமே பைத்தியமாகிவிட்டது. பாடியவர் யார், எங்கே இருக்கிறார் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, அட்டைப்படத்தைப் பார்த்த மருமகள், "ஐயோ, இது எங்க அத்தை!" என்று பதில் போட்டுவிட்டாள். அதன் பலன்தான் இன்றைய கூட்டம்.

"ஒரே ஒரு பாட்டு அத்தை. பாடிட்டுக் கிளம்பிடலாம்."

"உனக்குப் புரியலைம்மா. அந்தக் கேசட்ல கேக்குறது என் குரலே இல்லை."

"அட்டையில உங்க போட்டோ இருக்கு, பேரு இருக்கு. அப்புறம் என்ன, பக்கத்து வீட்டுக்காரங்களா பாடினாங்க?"

"போட்டோ நான்தான். குரல்தான்..."

அவர் முடிப்பதற்குள் கூட்டத்தை ஏற்பாடு செய்த பல் டாக்டர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கைகள் தானாகக் குவிந்தன.

"அம்மா, என் கிளினிக்ல தினமும் உங்க பாட்டுதான். வாயைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்க எல்லாம் அதைப் போட்டா தானா திறந்துடுறாங்க."

"கொட்டாவி வந்திருக்கும்" என்றார் மாமியார்.

டாக்டருக்குப் பின்னால் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் சிரிக்கவில்லை. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆள். குரல் மட்டும் மெல்லியதாக இருந்தது.

"நாள் முழுக்க என் காதுல 'சீக்கிரம், சீக்கிரம்'தாம்மா. வண்டியை நிறுத்தினதும் உங்க பாட்டைத்தான் போடுவேன். உங்க குரல்ல ஒரு இழுவை இருக்கு பாருங்க, எங்கேயும் போக அவசரமே இல்லாத மாதிரி. அதைக் கேட்டாத்தான் எனக்கு மூச்சே ஒழுங்கா வருது. வேற யாருக்கும் அந்த இழுவை வராதும்மா."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்து இரண்டு பேரும் இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"கேட்டியா? அந்தக் குரலுக்காகத்தான் வந்திருக்காங்க. நான் வாயைத் திறந்தா குட்டு உடைஞ்சிடும். ஆசையா வந்தவங்க முகம் வாடிப் போறதை என்னால பார்க்க முடியாது. பாடாம இருந்தா அவங்களுக்கு அந்தக் கேசட்டாவது மிஞ்சும்."

மருமகளுக்குத் திக்கென்றது. வேறு யாரோ பாடி, அத்தை பெயரைப் போட்டுவிட்டார்களா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. பாட்டின் மேல் ஆசை இல்லாதவர் இப்படிக் கலங்குவாரா?

"அத்தை, நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நீங்க ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூடக் கேட்டதில்லை. அவங்களுக்காக வேண்டாம், எனக்காகப் பாடுங்க. கேவலமா இருந்தா நானே முதல்ல சிரிச்சுடுறேன்."

"சிரிச்சுத்தான் பாரேன்" என்று எழுந்தார் மாமியார். டீச்சர் குரல் வந்துவிட்டது.

கூடத்தில் வாத்தியம் எதுவும் இல்லை. ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு கிளாஸ் தண்ணீர். பழக்கம் விட்டுப்போன மூச்சு நடுவில் அறுந்துவிடுமோ என்ற பயத்தில், கண்ணை மூடி, தனக்கு எட்டிய சுருதியில் மெல்லத் தொடங்கினார்.

முதல் வரியிலேயே கூடம் அடங்கிப்போனது. மாமியாரும் சட்டென்று நிறுத்தினார். கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, பாடியது யார் என்று தேடுகிறவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். பிறகு ஒரு சின்னச் சிரிப்புடன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் வெட்கமில்லாமல் அழுதார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அதே குரல்! கொஞ்சம்கூட மாறலை! அதே இழுவை!"

மருமகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "என்கிட்டயே பொய் சொன்னீங்களே அத்தை! கேசட்ல இருக்கிறது உங்க குரல்தானே?"

"பொய் இல்லைம்மா" என்று அவள் காதோடு சொன்னார் மாமியார். "எனக்கு அப்போ கீச்சுக்குரல். காப்பி போட்ட மெஷின் கோளாறாகி, மொத்தக் கேசட்லயும் குரல் தடிச்சு, மெதுவா இழுத்துடுச்சு. வெட்கத்துல பாடுறதையே விட்டுட்டேன். வகுப்புல கத்திக் கத்தி, அந்தக் குரல் எனக்கு இப்பத்தான் வந்திருக்கு!"