மூன்றாவது கிளாஸ் டீ

அஸ்ஃபியா தன் வீட்டில் மூன்று கிளாஸில் டீ ஊற்றினாள். அவளோடு காரைக்கால் கல்லூரியில் வரலாறு நடத்தும் ராஜ்மோகன் எதிரே உட்கார்ந்தார்.

“மூணாவது யாருக்கு மேடம்?”

“வருவாங்க. நீங்க குடிங்க சார்.”

“ஸ்பெயின் பயணம் நின்னுடுச்சாமே? விடுங்க. காரைக்கால்ல உக்காந்துகிட்டு ஸ்பெயின் வரலாறு என்னத்துக்கு ஆகும்?”

அஸ்ஃபியா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் ஆராய்ச்சி திருட்டு என்று பெயர் சொல்லாத யாரோ போனில் புகார் செய்ததால்தான் அந்தப் பயணம் நின்றது.

“உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்னு உங்களுக்கே தெரியும். நீங்களே சொல்லிடுங்க.”

அதற்குமேல் அவள் பேசவில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். ராஜ்மோகன் எடுத்த கிளாஸைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

“துறைத்தலைவர் பதவி உங்களுக்குப் போயிடுமோன்னு ஒரு பயம். அதான் போன் பண்ணிட்டேன். யாருங்க சொன்னா?”

“நீங்கதான், இப்ப. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் காலத்து ஸ்பெயின்ல மத விசாரணை பண்றவங்க குற்றம் என்னன்னு சொல்ல மாட்டாங்க. ‘ஏன் கூப்பிட்டோம், நீயே சொல்லு’ன்னுட்டு சும்மா இருப்பாங்க. பயந்தவன் தானே கொட்டிடுவான்.”

உள்ளறையிலிருந்து கல்லூரி முதல்வர் வந்து மூன்றாவது கிளாஸை எடுத்தார்.

“காலையிலேருந்து இது நாலாவது டீ. இதே மாதிரி இவங்க கூப்பிட்டு முன்னாடி வந்த மூணு பேரும் வேற என்னென்னவோ ஒத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க நாளைக்கு என் ரூமுக்கு வந்துடுங்க ராஜ்மோகன்.”

அஸ்ஃபியா ராஜ்மோகனின் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ஆறிடப்போவுது, குடிங்க சார். குடிச்சிட்டுச் சொல்லுங்க, ஸ்பெயின் வரலாறு என்னத்துக்கு ஆகும்?”