அப்பாவுக்கு இரண்டு வரி

டீயைக் கொட்டியதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

ஈரம் காயட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தார்.

மகளின் காலாண்டு விடுமுறை வீட்டுப்பாடம், நான்கு பக்கமும், பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது.

"பார்டரப் பாத்துக்கிற ஆளுக்கு ஒரு டம்ளரப் பாத்துக்கத் தெரியல," என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே.

ராணுவத்தில் பதினான்கு வருடம் திட்டு வாங்கியிருக்கிறார். எதிலும் இவ்வளவு உண்மை இருந்ததில்லை.

தர்ஷிகா அழவில்லை. ஐந்தாம் வகுப்புக்காரி. புது நோட்டை எடுத்து முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள்.

'உன் வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சிறுகுறிப்பு வரைக.'

மார்ஜின் கோடு போட்டுத் தரும் வேலை அவருக்கு. தண்டனைதான். கேட்டு வாங்கிக்கொண்டது.

அம்மாவுக்குப் பதினேழு வரி.

தம்பிக்குப் பதினொன்று. அதில் நான்கு, அவன் எங்கெங்கே கடித்தான் என்பது.

பூனைக்கு ஒன்பது.

அடுத்து அப்பா.

அவர் ஜன்னலைப் பார்ப்பது போல் நோட்டைப் பார்த்தார்.

'என் அப்பா ராணுவத்தில் இருக்கிறார். லீவுக்கு வருவார்.'

பேனாவை மூடிவிட்டாள்.

சிறுகுறிப்பு சிறிதாகத்தானே இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வந்து நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளைக்கு இரண்டு வரி, நியாயம்தான். பூனை வருடம் முழுக்க இங்கே டியூட்டி பார்க்கிறது.

இருந்தாலும், பூனை.

"சிறுகுறிப்புன்னா எத்தன வரிம்மா இருக்கணும்?"

"மிஸ் சொல்லல."

"இஸ்திரிப் பெட்டிக் கோவமா?"

"ச்சே, இல்லப்பா."

"பூனை காசு கீசு குடுத்துச்சா?"

சிரித்தாள்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். இன்னொன்றையும் திருப்பினாள். அதற்கடுத்த பக்கத்தின் உச்சியில் 'எங்கள் ஊர்' என்று அடுத்த கேள்வியை ஆரம்பித்தாள்.

நடுவில் இரண்டு பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. எதையும் வீணாக்கக் கூடாது என்று பழக்கப்பட்ட மனுஷன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு பக்கத்தச் சும்மா விட்டுட்டியேம்மா?"

அவள் நிமிராமலே சொன்னாள்.

"அது ஒங்களுக்குத்தான். ஸ்கூல் தெறக்க இன்னும் ஆறு நாள் இருக்குல்லப்பா."